மேசை பத்தவில்லையா? மவுஸைத் தூக்கி வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுப்பதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும்தான் என் வேலை. காலையில் கடையைத் திறந்தால் சாயங்காலம் வரை என் வலது கை மவுஸை விட்டு இறங்காது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். இபிஎப் என்கிற ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்க, பிள்ளையைப் பள்ளியில் பதிய, உதவித்தொகைக்கு மனு போட என்று ஏதாவது ஒரு காரியம் இருக்கும்.

அவர்களில் ஓர் அக்கா, முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மகன் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார். “எனக்கும் சொல்லிக் குடு தங்கச்சி. சும்மா ஒரு பேப்பர் எடுக்க ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி உன்கிட்ட வர முடியல” என்று ஒரு நாள் மத்தியானம் வந்து நின்றார். கடையில் கூட்டம் இல்லை. சரி, உட்காருங்கள் அக்கா என்று என் நாற்காலியையே கொடுத்தேன்.

உட்கார்ந்ததும் திரையில் இருந்த ஒரு பொத்தானின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினார். திரை லேசாகப் பின்னால் சாய்ந்தது. “இது கெட்டுப் போச்சா?” என்று கேட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. இன்றைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் பழகியது கைப்பேசி. விரல் வைத்த இடத்தில் காரியம் நடக்கும் என்று கைக்குப் பழகிவிட்டது. நான் மவுஸை எடுத்து அவர் உள்ளங்கைக்குக் கீழே வைத்தேன். திரையில் வெள்ளை அம்பு நகர்ந்தது. அதை வலது ஓரத்துக்குக் கொண்டு போகச் சொன்னேன். முட்டையை உருட்டுகிற மாதிரி மெல்ல மெல்லத் தள்ளினார். அம்பு பாதித் திரையைத் தாண்டுவதற்குள் மவுஸ் மேசை விளிம்பில் போய் நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மேசை பத்தல தங்கச்சி.”

புதிதாக மவுஸ் பழகுகிறவர்கள் பலர் சரியாக இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, நமக்கு இதெல்லாம் வராது என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது கேட்கவே பொறுக்காது. அழுத்து, இழு, இரண்டு தடவை தட்டு என்று சொல்லிக் கொடுக்கிற நாம், மவுஸ் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அரை மணி நேரத்து வேலை.

“இங்கே” என்று சொல்வது, “இவ்வளவு” என்று சொல்வது

கைப்பேசிக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். எந்தக் குறுக்குக்கோடும் எந்த நெடுக்குக்கோடும் சந்திக்கிற இடத்தில் அது மாறியது என்று பார்த்தால் போதும், விரல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆக, விரல் கைப்பேசிக்குச் சொல்வது ஒரே வார்த்தை: “இங்கே.”

மவுஸுக்கு அந்த வார்த்தையே தெரியாது. தான் மேசையின் நடுவில் இருக்கிறோமா, ஓரத்தில் இருக்கிறோமா என்று அதற்குத் தெரியாது. எதிரில் ஒரு திரை இருப்பதோ, அதில் அம்பு ஒன்று ஓடுவதோகூடத் தெரியாது. அதற்குத் தெரிந்தது, போன தடவை சொன்னதற்குப் பிறகு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டும்தான். “வலப்பக்கம் இவ்வளவு, முன்னால் இவ்வளவு.” சாதாரண யூஎஸ்பி மவுஸ் ஒன்று இந்தக் கணக்கை விநாடிக்கு 125 தடவை கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் அது அனுப்புவது சில எண்கள்தான்: எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது, பக்கவாட்டில் எத்தனை, மேலும் கீழும் எத்தனை, அப்புறம் உருளை சுழன்றதா. அவ்வளவே.

அம்பு எங்கே நிற்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது கம்ப்யூட்டர். இப்போது நிறையத் திரைகளில் அகலத்துக்கு 1,920 புள்ளிகளும் உயரத்துக்கு 1,080 புள்ளிகளும் இருக்கும். இடது மேல் மூலையிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அம்பு 800ஆவது புள்ளியில் இருக்கும்போது “வலப்பக்கம் 5” என்று மவுஸ் சொன்னால், கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்து அம்பை 805இல் வைக்கும்.

அக்காவுக்கு இதை எண்ணை வைத்துச் சொன்னால் ஏறாது என்று தோன்றியது. அவருக்குத் தெரிந்த இடத்துக்கே போனேன்.

“அக்கா, விடியறதுக்கு முன்னால இருட்டுல ஒரு ஆள் தோட்டத்துக்குள்ள நடக்கிறாருன்னு வைங்க. எந்தக் காடு, எந்த நிரைன்னு அவருக்குத் தெரியாது. ஆனா, ‘வலப்பக்கம் ரெண்டு மரம் போயிட்டேன், மேலே ஒரு நிரை ஏறிட்டேன்’னு போன்ல சொல்லிக்கிட்டே போறாரு. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி தோட்டத்துப் படத்தை விரிச்சு வச்சு, அவர் சொல்லச் சொல்ல ஒரு புளியங்கொட்டையை நகர்த்துறாரு. மவுஸ்தான் நடக்கிற ஆள். கம்ப்யூட்டர் கிராணி. அம்புதான் புளியங்கொட்டை.”

“சரி.”

“இப்ப அந்த ஆளை அப்படியே தூக்கி, லோரியில ஏத்திக் கொண்டுபோய் பழைய இடத்துலயே இறக்கி விடுறோம். அவர் கால் தரையில படவே இல்லை. கிராணிக்கு என்ன சொல்வாரு?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “நடக்கலன்னா என்னத்த சொல்றது? ஒன்னும் சொல்ல மாட்டாரு.”

“அப்ப புளியங்கொட்டை?”

“வச்ச இடத்துலயே இருக்கும்.” சொல்லி முடிப்பதற்குள் அவர் கை மவுஸைத் தூக்கிவிட்டது. மேசை விளிம்பிலிருந்து எடுத்து, நடுவில் வைத்து, மறுபடி வலப்பக்கம் தள்ளினார். அம்பு விட்ட இடத்திலிருந்து மேலே போய் ஓரத்தைத் தொட்டது.

மவுஸ் பழக்கத்தில் பாதிக் கிணறு இதிலேயே தாண்டியாகிவிடும். எப்போது இடம் போதவில்லையோ அப்போது தூக்குங்கள், வசதியான இடத்தில் வையுங்கள், தொடருங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்கலாம். ஒரு விரற்கடை உயரம் போதும்.

இதே விஷயத்திலிருந்து இன்னும் இரண்டு சங்கடங்களுக்கு விடை கிடைக்கிறது. முதலாவது, அம்பு கோணலாகப் போவது. நேராக மேலே தள்ளுகிறேன், அம்பு சாய்ந்து போகிறதே என்பார்கள். கையைப் பார்த்தால் மவுஸைக் குறுக்காகப் பிடித்திருப்பார்கள். மவுஸுக்குத் திரை எந்தப் பக்கம் என்று தெரியாது அல்லவா? தன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் அதற்கு ‘மேலே’. வயர் உள்ள மவுஸ் என்றால் வயர் திரையைப் பார்த்து நேராகப் போக வேண்டும். மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருந்தாலும் மவுஸின் உடம்பு நேராக இருந்தால் அம்பும் நேராகப் போகும்.

இரண்டாவது, அம்பு காணாமல் போவது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்பு எங்கே என்று பெரியவர்கள் தவித்துப் போவார்கள். மவுஸை இடது மேல் மூலையை நோக்கி நன்றாகத் தள்ளுங்கள். திரையின் எல்லையை அம்பு தாண்டாது. நீங்கள் எவ்வளவு தள்ளினாலும் மிச்சக் கணக்கைக் கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுவிட்டு, அம்பை மூலையிலேயே நிறுத்தி வைக்கும். மூலையில் பார்த்தால் முனை தெரியும். முனை என்றதும் ஞாபகம் வருகிறது: அம்பின் உடம்பு எங்கே இருந்தாலும் கணக்கில் வருவது அதன் கூர்நுனி மட்டும்தான். பொத்தானின் மேல் அம்பின் வயிற்றை வைத்து அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

மெதுவாகத் தள்ளினால் ஏன் போதவில்லை

சாதாரண மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் 1,000 எண்ணிக்கை சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பெட்டியின் மேல் டிபிஐ என்று எண் போட்டிருப்பது இதைத்தான். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி என்றால், 1,920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க இரண்டு அங்குலம்கூட வேண்டாம். அப்படியிருக்க அக்காவுக்கு மட்டும் மேசையே போதாமல் போனது எப்படி?

பயந்துகொண்டு மெதுவாகத் தள்ளியதுதான் காரணம். கம்ப்யூட்டரை இயக்குகிற விண்டோஸ் போன்றவை மவுஸின் வேகத்தையும் பார்க்கின்றன. வேகமாகத் தள்ளினால், எங்கேயோ தூரமாகப் போக நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அம்பைக் கூடுதலாக ஓட்டும். மெதுவாகத் தள்ளினால், பக்கத்தில் ஏதோ சின்னப் பொத்தானைத் தேடுகிறார் என்று குறைவாக நகர்த்தும். தூரம் ஒன்றேதான், ஆனால் அம்பு போகிற தொலைவு வேறு. அதனால் தூரத்துக்கு ஒரே வீச்சு, கிட்ட வந்ததும் நிதானம். மோட்டாரில் வீட்டுக்குப் போகிறவர் பெரிய ரோட்டில் விரட்டிவிட்டு லயத்துச் சந்துக்குள் மெதுவாகத் திரும்புகிற மாதிரிதான். இதைச் சொன்னதும் அக்கா ஒரு தள்ளு தள்ளினார் பாருங்கள், அம்பு பறந்து போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. இருவரும் சிரித்தோம்.

மவுஸின் வயிற்றில் ஒரு கேமரா

மவுஸைத் திருப்பிப் போட்டால் ஒரு சின்னக் குழியில் சிவப்பு வெளிச்சம் தெரியும். மேசையைத் தடவிப் பார்த்து நகர்வை அளப்பது இந்த வெளிச்சம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் வெறும் விளக்கு. அளப்பது அதன் பக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய கேமரா.

விளக்கு மேசையின் மேல் சாய்வாக அடிக்கிறது. சாய்வாக அடித்தால்தான் மரத்தின் ரேகை, துணியின் இழை, தாளின் நார் என்று எல்லாவற்றுக்கும் நிழல் விழும். காலை வெயிலில் செம்மண் பாதையைப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியுமே, அதே உச்சி வெயிலில் பாதை மொட்டையாகத் தெரியுமே, அதே சங்கதி. லென்ஸ் வழியாக அந்த நிழலைக் கேமரா படம் பிடிக்கிறது. ஒரு படத்தில் சில நூறு புள்ளிகள்தான் இருக்கும். ஆனால் விநாடிக்கு 1,000 படங்களுக்கு மேல் எடுக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை மவுஸுக்குள் இருக்கிற சில்லு ஒப்பிட்டுப் பார்க்கும். முதல் படத்தில் நடுவில் இருந்த கறுப்புப் புள்ளி அடுத்ததில் இடப்பக்கம் தள்ளியிருந்தால், மவுஸ் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பஸ் ஜன்னலில் பார்க்கும்போது செம்பனை மரங்கள் பின்னால் ஓடுவதை வைத்து நாம் முன்னால் போகிறோம் என்று தெரிந்துகொள்வது போல.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய தொல்லை தீரும். என் கடையில் முன்பு கண்ணாடி போட்ட மேசை இருந்தது. அதன் மேல் மவுஸ் ஓடாது, ஓடினாலும் நடுங்கும், திடீரென்று குதிக்கும். மவுஸ்தான் போய்விட்டது என்று நினைத்து வேறு ஒன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. அப்புறம்தான் புரிந்தது, சுத்தமான கண்ணாடியில் கேமராவுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. எடுக்கிற படமெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? பளபளக்கிற பிளாஸ்டிக் மேசை விரிப்பிலும் சில நேரம் இதே கதைதான்.

மவுஸ் பேட் வாங்கலாம், விலை அதிகமில்லை. எனக்குப் பிடித்தது வேறு. மளிகைக் கடையில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்கிற சுவர்க் காலண்டர் இருக்கிறதே, முடிந்த மாதத்தின் தாளைக் கிழித்துத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் வழவழப்பு, பின்பக்கம் சொரசொரப்பான வெள்ளை. அந்தச் சொரசொரப்பு மவுஸுக்குத் தேன். நாலு மூலையிலும் செலோடேப் ஒட்டிவிட்டால் மாதக்கணக்கில் வரும்.

இன்னொன்று: எல்லா மவுஸிலும் சிவப்பு வெளிச்சம் தெரியாது. சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இருக்கும். வெளிச்சம் இல்லை, அதனால் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். குழியில் முடியோ தூசியோ அடைத்திருந்தாலும் அம்பு துள்ளும். காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும்.

கட்டைப் பெட்டியும் இரண்டு சக்கரமும்

கேமரா வருவதற்கு முன்னால் இது எப்படி நடந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் வேலை செய்தார். கம்ப்யூட்டர் என்றால் துளையட்டையைச் செருகிவிட்டு விடைக்காகக் காத்திருப்பது என்றிருந்த காலம். மனிதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பார்த்து, சுட்டிக்காட்டி, அப்போதைக்கப்போது மாற்றி வேலை செய்ய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவர் யோசனையை 1964இல் பொருளாகச் செய்து கொடுத்தவர் அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலீஷ். உள்ளங்கைக்குள் அடங்கும் மரக்கட்டைப் பெட்டி, மேலே ஒரே ஒரு பொத்தான், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள். ஒரு சக்கரம் பக்கவாட்டு நகர்வுக்கு, மற்றது முன்பின் நகர்வுக்கு. சாய்வாகத் தள்ளினால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் சுழலும். கேமராவுக்குப் பதில் சக்கரம், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கும் அது எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் சொன்னது.

அந்தக் குழு மவுஸை மட்டும் நம்பி உட்காரவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் கருவி என்று பலவற்றைச் செய்து ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். பழகியவர்களின் கையில் மவுஸ்தான் முந்தியது. ஒளிப்பேனா என்பது நம் அக்கா விரலை வைத்ததைப் போல நேராகத் திரையிலேயே வைத்துக் காட்டுவது, “இங்கே” என்கிற ஜாதி. முதலில் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மரத்தில் தலைக்கு மேலே கோடு வெட்டுகிற நாளில் தோள் என்ன பாடுபடும் என்று பால் வெட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மவுஸில் கை மேசையில் படுத்திருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிற எனக்கு இந்த ஒரு சலுகையின் அருமை நன்றாகத் தெரியும். திரையைத் தொட்டால் இயங்குகிற கம்ப்யூட்டர்கள் வந்த பிறகும் அலுவலக மேசைகளிலிருந்து மவுஸ் போகாததற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையில் எங்கல்பார்ட் மவுஸோடு சேர்த்துத் தன் கம்ப்யூட்டர் அமைப்பை ஒன்றரை மணி நேரம் இயக்கிக் காட்டினார். இதை ஏன் மவுஸ் என்கிறோம் என்று தனக்கே தெரியாது, அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம், அப்புறம் மாற்றவில்லை என்று அந்த மேடையிலேயே சொன்னார். வால் மாதிரி வயர் இருந்ததுதான் காரணம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. காப்புரிமை 1970இல் கிடைத்தது. அதற்குள் ஜெர்மனியில் டெலிபங்கன் நிறுவனம் சக்கரத்துக்குப் பதில் உருண்டை வைத்த கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. பில் இங்கிலீஷ் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்துக்குப் போய் அங்கே உருண்டை மவுஸ் செய்தார். 1983இல் ஆப்பிளின் லிசா, 1984இல் மெக்கின்டாஷ் என்ற கம்ப்யூட்டர்கள் வந்த பிறகுதான் வீடுகளுக்குள்ளும் மவுஸ் நுழையத் தொடங்கியது.

உருண்டை மவுஸ் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளி கம்ப்யூட்டர் அறையில் அதுதான். அடியில் வட்ட மூடியைத் திருகித் திறந்தால் ரப்பர் பூசிய கனமான இரும்பு உருண்டை ‘டொக்’ என்று உள்ளங்கையில் விழும். எங்களுக்கு ஒரே ஆச்சரியம், தோட்டத்து ரப்பர் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறதே என்று. உள்ளே இரண்டு சின்ன உருளைகள், அவற்றின் நடுவில் கறுப்பு வளையமாக அழுக்குப் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் நாடா மாதிரி உரிந்து வரும். உரித்து எடுத்துவிட்டு உருண்டையைத் திரும்பப் போட்டால் அம்பு எண்ணெய் போட்டது போல ஓடும். கேமரா மவுஸ் 1999 வாக்கில் பரவலாக விற்பனைக்கு வந்ததும் இந்த அழுக்கு உரிக்கிற வேலை மெல்ல மறைந்துவிட்டது.

பொத்தான்கள்

இடது பொத்தான் ‘செய்’ என்பது. வலது பொத்தான் ‘என்னென்ன செய்யலாம், காட்டு’ என்பது. வலது பொத்தானை அழுத்தினால் பட்டியல்தான் திறக்கும், எதுவும் அழிந்துவிடாது. பயப்படாமல் அழுத்திப் பாருங்கள். பட்டியல் வேண்டாமென்றால் வெறுமையான இடத்தில் இடது பொத்தானை ஒரு முறை தட்டினால் போய்விடும்.

பெரியவர்களைப் படுத்துவது இரட்டைத் தட்டு. விண்டோஸில் முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் அரை விநாடிக்கு மேல் போகக் கூடாது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. இரண்டு தட்டுக்கும் நடுவில் அம்பும் நகரக் கூடாது, சில புள்ளிகள் தள்ளிவிட்டாலே தனித்தனித் தட்டு என்று எடுத்துக்கொள்ளும். அவசரமாகத் தட்டுகிறவர்களுக்கு வேகம் சரியாக இருக்கும், ஆனால் தட்டுகிற அதிர்ச்சியில் மவுஸ் வழுக்கியிருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை மேசையில் ஊன்றி, கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மவுஸின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் அசைத்தால் வழுக்காது. அப்படியும் வரவில்லையா? ஒரு தடவை தட்டித் தேர்ந்தெடுத்துவிட்டு, விசைப்பலகையில் என்டரைத் தட்டுங்கள். அதே வேலைதான் நடக்கும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கமும் ஒரு கோளாறு உண்டு: ஒரு தடவை தட்டினாலே இரண்டு தடவையாகிறது என்றால், உள்ளே ‘டிக்’ என்று சத்தம் போடுகிற சின்ன உலோகத் தகடு தேய்ந்திருக்கும். அதற்குப் புது மவுஸ்தான் வழி.

உருளை, பக்கத்தை மேலும் கீழும் ஓட்டும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மேல்நோக்கி உருட்டினால் எழுத்து பெரிதாகும். கண்ணாடி மறந்து வருகிற மாமாக்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இடது கைக்காரர்கள் அமைப்பில் போய் பொத்தான்களை மாற்றிக்கொள்ளலாம். வயர் இல்லாத மவுஸ் வேண்டுமானால் வாங்கலாம், ஆனால் பழகும்போது வயர் உள்ளதே நல்லது. பேட்டரி தீர்ந்ததா, அடியில் சுவிட்ச் மூடியிருக்கிறதா என்ற குழப்பம் இருக்காது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி மலாய்ப் பாடத்தில் பிள்ளைகள் இதைத் தெத்திகுஸ் என்று படிக்கிறார்கள். தீகுஸ் என்றால் எலி. முதல் எழுத்தை இரட்டித்து ‘எலி போன்றது’ என்று ஆக்கியிருக்கிறார்கள். லங்கிட் வானம், லெலங்கிட் வாயின் மேலண்ணம். ஜாரி விரல், ஜெஜாரி சக்கரத்தின் ஆரக்கால். அழகான வழக்கம். தமிழில் சுட்டி என்கிறோம். சுட்டுவிரல், சுட்டெழுத்து என்ற குடும்பத்துச் சொல். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் அது திரையில் இருக்கிற அம்புக்குத்தான் பொருத்தம் என்று தோன்றும். சுட்டுவது அம்பு. மேசையில் இருப்பது கணக்குச் சொல்கிற ஆள். கடையில் நாங்கள் மவுஸ் என்றுதான் சொல்கிறோம், அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

இழுத்துப் பழக ஒரு படம்

பழகுவதற்குச் சிறந்த இடம் பெயிண்ட் என்கிற படம் வரையும் செயலி. விண்டோஸில் சும்மாவே கிடைக்கும், தப்பு செய்தால் நஷ்டம் இல்லை. 1990இல் வந்த விண்டோஸோடு சொலிட்டேர் சீட்டாட்டம் சேர்ந்து வந்தது. சீட்டை இழுத்து இழுத்துப் போட்டே ஒரு தலைமுறை மவுஸ் பழகிவிட்டது. ஆனால் சீட்டாட்டத்தின் விதி தெரியாதவர்களுக்குப் படம்தான் சுலபம்.

பெயிண்டில் பென்சிலைத் தேர்ந்தெடுத்து அக்காவிடம் கொடுத்தேன். இடது பொத்தானை அழுத்தியபடியே நகர்த்தினால் கோடு விழும், விட்டால் நிற்கும். முதலில் மூன்று நான்கு கோணல் வட்டங்கள் போட்டார். அப்புறம் நான் சொல்லாமலே இடது மேலிருந்து வலது கீழாக ஒரு சாய்கோடு இழுக்க ஆரம்பித்தார். பார்த்ததும் புரிந்தது, அது வெட்டுக்கோடு. மரத்தில் பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவி, உள்மரத்தில் காயம் படாமல், பால் மங்குக் கிண்ணத்துக்கு வழிந்து வருகிற மாதிரி தினமும் முந்நூறு நானூறு தடவை இழுத்த கோடு. கை நடுங்குகிறது என்று இவரிடம் யார் சொல்ல முடியும்?

பாதிக் கோட்டில் மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. பொத்தான் அழுந்தியபடி இருக்கிறது, விட்டால் கோடு அறுந்துபோகும். இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அக்கா ஒரு கணம் நிறுத்தினார். ஆள்காட்டி விரலை எடுக்காமல், அழுத்தின பொத்தானோடு சேர்த்து மவுஸை அப்படியே தூக்கினார். காலண்டர் தாளின் நடுவில் வைத்தார். இழுத்தார். கோடு அறுபடாமல் கீழே வரை வந்தது.

“ஆளை லோரியில ஏத்திட்டேன்” என்றார்.